மிஸ் நாகேஸின் சுத்தமான மீன்கள்

செய்தி தொலைபேசியில்தான் வந்தது. கிள்ளானில் எங்கள் வீட்டில் காலைப் பசியாறிவிட்டுப் பேப்பரை விரித்திருந்தேன். மறுமுனையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தேவன், எங்கள் மிஸ் நாகேஸின் அண்ணன். எப்போதும் நலம் விசாரித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கும் மனிதர் அன்று எதையும் விசாரிக்கவில்லை.

"மணியம், தங்கச்சி போயிட்டா," என்றார். "விடியக்காலம நெஞ்சு நோகுதெண்டு சொன்னவ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிஞ்சுது." பிறகு, "தொட்டியில மீன் கிடக்குது. நான் அதுகளை என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

தங்கை இறந்த வீட்டில் மீனைப் பற்றியா கவலை என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், நீங்கள் நாகேஸ்வரியை அறிந்தவர் அல்ல. அறிந்தவர்களுக்கு அந்த மீன்கள் எதற்காக வளர்ந்தன என்று தெரியும். அவை எத்தனையோ வருடமாக அந்த வீட்டின் குளியலறைத் தொட்டியில் வாழ்ந்தன, வீட்டு மனிதர்கள் வாளியில் தண்ணீர் பிடித்துக் குளித்தார்கள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அமைதியாக எழுத வேண்டும் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். முயன்று பார்த்தேன், முடியவில்லை.

முடியாமல் போனதற்குக் காரணம் இரங்கல் கூட்டம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய மண்டபத்தில் அவருடைய உறவினர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். நானும் நாகேஸ்வரியும் வேலை பார்த்த அரசாங்க ஆய்வுக்கூடத்துக்கு அந்த நாளில் தலைவராக இருந்தவர், இப்போது ஓய்வுபெற்றுச் சௌகரியமாக இருப்பவர், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரையும் நாலு வார்த்தை பேச அழைத்தார்கள். அவர் எழுந்து, நாகேஸ்வரி கடுமையான உழைப்பாளி என்றார், நேரம் தவறாதவர் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். தோட்டத்து ஓடை மீனுக்குக் களைக்கொல்லியால் ஆபத்தில்லை என்று ஆராய்ந்து சொல்லி, ஏழை மக்களுக்கு மனநிம்மதி கொடுத்தவர் அவர்தான் என்றும் சேர்த்துக்கொண்டார். பத்து வருடத்துக்கும் மேலாக எந்தப் பொய்யைத் தன் பெயரிலிருந்து துடைக்க அந்தப் பெண் போராடினாரோ, அதையே எடுத்து அவர் படத்துக்கு மாலையாகப் போட்டார் அந்த மனிதர்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், நாகேஸ்வரி என்ன சொன்னார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் வேலையில் சேர்ந்தோம். அவர் மீனைப் பார்ப்பார், நான் தண்ணீரைப் பார்ப்பேன். எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு சுவர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல தராசு. அவருடைய தகப்பனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். வீட்டில் யாழ்ப்பாணப் பேச்சு, வெளியே எங்களைப் போலவே மலேசியப் பேச்சு. எனக்கு மேலதிகாரிகளோடு சண்டை வராத வாரம் கிடையாது. சண்டை போட்டுவிட்டு நேராகத் தராசு அறைக்குள் நுழைவேன். "மணியம், உங்க கோவத்த தராசுகிட்ட கொண்டு வராதீங்க லா, முள்ளு நிக்க மாட்டேங்குது," என்பார். சிரிக்காமல் சொல்வார். நான் வெளியே போய்ச் சிகரெட் ஒன்றை முடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

எண்பதுகளில் காப்பார் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். எழுதினால் வழக்குப் போடுவார்கள், அதற்கும் அவர்களிடம் ஆள் உண்டு. ஓடையில் மீன் ஒரு மாதிரியாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்று தொழிற்சங்கத்தார் எழுதியிருந்தார்கள். நானும் அவரும் போனோம். அங்கே எங்களுக்கு வழிகாட்டியவர் காளியம்மா. முதுகில் பம்பைச் சுமந்து செம்பனை மரத்தடியில் களைக்கு மருந்து அடிப்பவர். கையுறை கிடையாது, முகத்துக்குத் துணி மட்டும்தான். கையில் சில விரல்களில் நகம் கறுத்து உரிந்திருந்தது. அவர் புகார் சொல்வார் என்று பார்த்தால், சந்தோஷமாகச் சொன்னார்.

"மருந்து அடிச்ச மறுநா ஓடையில எறங்குனா போதும் மிஸ். தூண்டிலே வேணாம். கையாலயே அள்ளலாம்."

தோட்டத்து மக்கள் அதை அதிர்ஷ்டமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து அடித்த நாளுக்கு மறுநாள் தொழிலாளர் குடியிருக்கும் லயமே கூடையோடு ஓடைக்கு இறங்கும். எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கும். மீன் சாகவில்லை, மிதக்கவில்லை, நாறவில்லை. பிடிக்க வரும் கையைப் பார்த்து ஓட மட்டும் அதற்குத் தெம்பில்லை. நாகேஸ்வரி ஓடைக்குள் கைவிட்டு ஒரு திலாப்பியாவை எடுத்தார். அது அவர் உள்ளங்கையில் சும்மா கிடந்து செவுளை வேகவேகமாக அசைத்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்போது ஒரே ஒரு சோதனைக்குத்தான் மதிப்பு. மருந்து கலந்த தண்ணீரில் மீனை விடுவது, குறித்த நேரம் கழித்து எத்தனை செத்தது என்று எண்ணுவது. ஒன்றும் சாகவில்லையென்றால் தண்ணீர் நல்ல தண்ணீர், கோப்பை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். ஓடையில் நான் அளந்த அளவு மருந்தை அவர் தொட்டியில் கலந்து பார்த்தார். மீன் சாகவில்லை. தலைவர் மகிழ்ந்துபோய் முடித்துவிடச் சொன்னார். நாகேஸ்வரி முடிக்க மறுத்தார். "செத்தா மட்டும்தான் கணக்குன்னா, ஆஸ்பத்திரி எதுக்கு சார்? சுடுகாடு ஒண்ணே போதுமே," என்றார். தலைவருக்கு முகம் சுருங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, அந்த நினைவு எனக்கு இன்னும் இனிக்கிறது.

உயிரோடிருக்கும் மீனின் ஈரலுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. அதை எனக்கு அவர் விளக்கிய விதத்தை நான் மறக்கவில்லை. நாம் சுவாசிக்கும் அதே ஆக்சிஜன்தான் மீனும் செவுள் வழியாக எடுத்துக்கொள்வது. உடம்புக்குள் அதில் ஒரு சிறு பங்கு எப்போதும் தறிகெட்டுப் போகும். போன இடத்தில் கொழுப்பைக் கெடுக்கும், புரதத்தை உடைக்கும். அதை அடக்குவதற்கு ஈரலில் காவல்காரர்கள் போலச் சில நொதிகள் உண்டு. இந்தக் களைக்கொல்லி உள்ளே போனதும் ஆக்சிஜனைத் தறிகெட்டதாக மாற்றிவிடுகிறது. மாற்றிவிட்டுத் தான் செலவாகிப் போவதுமில்லை, திரும்பவும் அதே வேலையைச் செய்கிறது. "இது திருடன் இல்ல மணியம், தரகன். ஆள் பிடிச்சு அனுப்பிக்கிட்டே இருக்கும்," என்றார். முதலில் காவல் நொதிகள் கூடுதலாக வேலை செய்யும். கொஞ்ச நாளில் அவை ஓய்ந்துபோகும். அதன் பிறகு மீன் நீந்தும், தின்னும், முட்டையும் இடும், உள்ளே மட்டும் கெட்டுக்கொண்டே இருக்கும். இப்போது இதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று எங்கள் கட்டடத்தில் அதைப் பற்றி யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. ஈரலை அரைத்து, அமிலமும் ஒரு ரசாயனப் பொடியும் சேர்த்துக் கொதிநீரில் வைக்க வேண்டும். கொழுப்பு கெட்டிருந்தால் குழாயில் ரோஸ் நிறம் வரும். எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு ரோஸ். மருந்துத் தண்ணீரில் இருந்த மீனின் குழாய், குடிக்கக் கலக்கும் ரோஸ் சிராப் தண்ணீர் மாதிரி வந்தது. எதிர்பார்த்ததுதான். ஒப்பிடுவதற்காகச் சுத்தமான தண்ணீரில் வைத்திருந்த மீனையும் அரைத்தார். அதைத்தான் நாங்கள் கண்ட்ரோல் மீன் என்போம். அந்தக் குழாயில் நிறமே வரக்கூடாது. அதுவும் சிராப் தண்ணீராக வந்தது.

ஆய்வுக்கூடமே சிரித்தது. மிஸ் நாகேஸுக்கு எல்லா மீனும் நோயாளி என்று உணவகத்தில் கேலி பேசினார்கள். தலைவர் அவரைக் கூப்பிட்டு, கண்ட்ரோல் சரியில்லாத பரிசோதனை குப்பைக்குச் சமம் என்று உபதேசம் செய்தார். ஒரு வாரம் அவர் கண்ணாடிக் குழாய்களைத் திரும்பத் திரும்பக் கழுவினார், ரசாயனப் பொடியை மாற்றிப் பார்த்தார், என்னுடைய தண்ணீரைக்கூடச் சந்தேகப்பட்டார். கடைசியில் ஒரு சனிக்கிழமை, "மணியம், அந்த மீன் எங்கேருந்து வருதுன்னு போய்ப் பாத்திருக்கோமா?" என்று கேட்டார்.

மீன் ஜெஞ்சாரோமில் மீன்குட்டை வைத்திருந்த ஒரு தவுக்கேயிடமிருந்து வந்தது, சீன முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஏமாற்றுக்காரர் இல்லை. ஆய்வுக்கூடத்துக்கு மீன் கொண்டு வருகிற லோரியிலேயே எங்கள் வீடுகளுக்கும் மீன் வரும். அலுவலகத்தில் பாதிப் பேர் அவரிடம்தான் வாங்கித் தின்றுகொண்டிருந்தோம். போய்ப் பார்த்தால் குட்டையின் மூன்று பக்கமும் செம்பனை. மழை பெய்தால் தோட்டத்துக் கால்வாய் நிரம்பி வழிந்து குட்டையில் விழும். மீன் கொழுத்து நன்றாகத்தான் இருந்தது. நாகேஸ்வரி கரையில் நின்று அந்தக் கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வருடக்கணக்காகச் சுத்தமான மீன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் இந்த மீனைத்தான். செத்ததை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர் தலைவரிடம் போய், கண்ட்ரோல் கெட்டிருக்கிறது என்பதுதான் முதல் முடிவு, அதையே எழுதலாம் என்றார். தலைவர் வேறு இடத்தில் மீன் வாங்கச் சொன்னார். வேறு இடத்தில் வாங்கினார், அதுவும் ரோஸ். இன்னொரு இடம், அங்கேயும் ரோஸ், கொஞ்சம் வெளிறிய ரோஸ். "நான் என் பரிசோதனைக்குச் சுத்தமான மீன் கேக்கல மணியம். இந்த ஊர்ல ஒரு சுத்தமான மீன் கேக்கறேன். கெடைக்கல," என்று என்னிடம் சொன்னார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்று அதற்கு வெகு அருகில் போனார்.

அப்புறம்தான் அந்தக் குளியலறை. பிரிக்பீல்ட்ஸ் பழைய வீடுகளில் குளியலறை மூலையில் இடுப்பளவு உயரத்தில் சிமென்ட் தொட்டி இருக்கும். அதிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றிக் குளிப்பதுதான் வழக்கம். அவர் அந்தத் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போகும்வரை விட்டுவைத்து, அதில் நாலைந்து திலாப்பியாவை விட்டார். அவை கெட்ட மீன்கள்தான். ஆனால் அவை அந்தத் தொட்டியில் பொரித்த குஞ்சுகள் ஒரு சொட்டு மருந்தைக்கூடக் கண்டதில்லை. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து பொரித்தவை இன்னும் நல்ல மீன்கள்.

வீட்டில் அதற்காக நடந்த கலவரம் கொஞ்சமல்ல. அவருடைய அம்மா அப்போது உயிரோடிருந்தார். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர், விரதக்காரர். மீன் நாற்றமடிக்கிற அறையில் குளித்துவிட்டு எப்படிச் சாமி கும்பிடுவது என்று என்னைப் பார்த்ததும் முறையிட்டார். நான்தான் அவர் பெண்ணைக் கெடுத்தேன் என்பது அவர் முடிவு. தேவன் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் வாளி வாங்கிக்கொண்டு வந்து குழாயடியில் வைத்தார். சில மாதம் கழித்துப் பார்த்தால், அந்த அம்மாவே தொட்டி ஓரத்தில் நின்று, குஞ்சு போட்டிருக்கிறது, சத்தம் போடாதே என்று எனக்குச் சொன்னார்.

அந்தத் தொட்டி மீனை வைத்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்தார். கண்ட்ரோல் குழாயில் நிறமே இல்லை, வெறும் தண்ணீர் மாதிரி. மருந்துத் தண்ணீர் மீனின் குழாய் சிராப். இப்போது யாரும் சிரிக்கவில்லை. அறிக்கை எழுதினார். அதன் முடிவு ஒரே வாக்கியம். நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்: ஓடையில் உள்ள அளவில் மருந்து கலந்த நீரில் மீன்கள் சாகவில்லை, ஆனால் அவற்றின் ஈரலும் செவுளும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கின்றன, இந்த மீனை உண்பவர்களையும் இந்த மருந்தை அடிப்பவர்களையும் மருத்துவர்கள் பரிசோதிக்க வேண்டும்.

இதில் முதல் பாதிதான் வெளியே போனது. தலைவரின் அறைக்குள் முழுதாகப் போன வாக்கியம் வெளியே வரும்போது மீன்கள் சாகவில்லை என்பதோடு முடிந்துவிட்டது. அதுவும் எப்படி எங்களுக்குத் தெரிந்தது? காளியம்மா தொழிற்சங்க அலுவலகத்திலிருந்து நாகேஸ்வரியைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். தோட்டத்து அலுவலகச் சுவரில் மலாயிலும் தமிழிலும் ஒட்டியிருக்கிறார்களாம். மீன்கள் சாகவில்லை என்று அரசாங்க ஆய்வாளர் கண்டறிந்திருக்கிறார், யாரும் வீண் பயம் கொள்ள வேண்டாம். கீழே நாகேஸ்வரியின் பெயர். உங்கள் பெயரைப் பார்த்ததும் எங்களுக்குத் தைரியம் வந்துவிட்டது மிஸ், என்று காளியம்மா வாஞ்சையாகச் சொன்னாராம். நாகேஸ்வரி நான் இருந்த தராசு அறைக்குள் வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் தலைவர் அறைக்குள் போய்க் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை அச்சில் போட முடியாது. நாகேஸ்வரி கத்தவில்லை. ஒன்று முழு வாக்கியத்தைப் போடுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுங்கள் என்று மட்டும் கேட்டார். அவர் வேறு எதையும் எப்போதும் கேட்டதில்லை, பதவி உயர்வு கேட்டதில்லை, மாநாட்டுக்கு அனுப்பு என்று கேட்டதில்லை. தலைவர் புன்னகைத்துக்கொண்டே, சுருக்கமாக எழுதுவது நிர்வாகத்தின் வேலை, பொய்யாக ஒரு வார்த்தை இருக்கிறதா, காட்டுங்கள் என்றார். பொய்யாக ஒரு வார்த்தைகூட இல்லைதான். இப்படிப்பட்டவர்களைச் சட்டமும் பிடிக்காது, மனசாட்சியும் பிடிக்காது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை வண்டி எடுக்கச் சொன்னார். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காப்பார் வரை, பச்சை வாளியில் தொட்டி மீன்கள், மடியில் என் கைத்தராசு, பையில் ஈரல் அரைக்கும் கண்ணாடிக் குழவி. வழியில் கிள்ளான் பாசாரில் ஒரு மருந்துக்கடையில் நிறுத்தி, காயத்துக்கு ஊற்றுகிற ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு போத்தல் வாங்கினார். தோட்டத்து மண்டபத்தைத் திறந்துவிட ஆள் இல்லை, திறக்க வேண்டாம் என்று மேலிருந்து உத்தரவு. லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் ஒரு மேசையைப் போட்டார்கள். பெண்கள் அன்று காலை ஓடையில் அள்ளிய மீனைக் கொண்டு வந்தார்கள்.

இரண்டு மீன், ஒரே எடை ஈரல், இரண்டு கண்ணாடிக் குவளை. ஈரலில் இருக்கும் காவல் நொதி நன்றாக இருந்தால் பெராக்சைடு பட்டதும் நுரைத்துப் பொங்கும். தொட்டி மீனின் குவளை நுரைத்து வழிந்து மேசையில் இறங்கியது. ஓடை மீனின் குவளையில் கொஞ்சம் கொப்புளம் விட்டு அடங்கிவிட்டது. நாகேஸ்வரி அவர்களுக்குப் புரியும்படி சொன்னார்.

"தேங்காண்ணெய் போத்தல திறந்து வெயில்ல வெச்சா என்னாகும்? காறல் வாடை அடிக்கும் இல்லையா? இந்த மீனுக்கு ஈரல்ல இருக்கற கொழுப்பு, உயிரோட இருக்கும்போதே அப்படிக் கெட்டுப்போவுது. அதைத் தடுக்கற சக்தி அதுக்குக் கொறஞ்சு போச்சு. அதனாலதான் உங்க கையில ஓடாம மாட்டுது. சொவத்துல என் பேரு போட்டிருக்கு. அது நான் சொன்னதுல பாதி. மீதிய சொல்லத்தான் வந்தேன்."

காளியம்மா இரண்டு குவளைகளையும் பார்த்தார். பிறகு நகம் உரிந்த தன் விரல்களைப் பார்த்தார். "மிஸ், மீனு மருந்துத் தண்ணியில இருக்கு. நாங்க மருந்தையே சொமக்கிறோம். அப்ப எங்க ஈரலு?"

அங்கே வேறு யாராக இருந்தாலும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள், அல்லது பயமுறுத்தியிருப்பார்கள். நாகேஸ்வரி இரண்டையும் செய்யவில்லை. "எனக்குத் தெரியாது காளியம்மா. நான் பாத்தது மீனை. உங்களை யாரும் பாக்கல. பாக்கச் சொல்லி எழுதுனேன், அதைத்தான் வெட்டிட்டாங்க. திரும்பவும் எழுதுவேன்," என்றார்.

எழுதினார். எழுதிக்கொண்டே இருந்தார். பதிலாக மாற்றல் உத்தரவு வந்தது. மீனின் ஈரலை அந்த அளவுக்கு அறிந்த ஒரு விஞ்ஞானியை ஷா ஆலமில் ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்காரவைத்து, மீன்பிடி உரிமத்துக்கு முத்திரை குத்த விட்டார்கள். என்னை ரசாயனக் கிடங்குக்கு அனுப்பினார்கள், எனக்கு அது பொருட்டில்லை. நாகேஸ்வரி ஷா ஆலமிலேயே ஓய்வு பெறும்வரை முத்திரை குத்தினார். அந்தத் தோட்டத்தில் ஒரு மருத்துவரும் போய் ஒருவரையும் பரிசோதிக்கவில்லை. மருந்து அடித்த மறுநாள் ஓடைக்குக் கூடையோடு இறங்குவதை லயத்தார் நிறுத்தினார்கள். அந்த ஒன்றுதான் நடந்தது. அதுவும் அரசாங்கத்தால் நடக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு போத்தல் பெராக்சைடும் செய்த வேலை.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தொட்டியை அவர் காலி செய்யவில்லை. நான் ஒருமுறை கேட்டேன், இனிமேல் எதற்கு மிஸ் இந்த மீன், அம்மாவும் போய்விட்டார், தேவன் பாவம், ஒரு நாளாவது நிம்மதியாக அள்ளிக் குளிக்கட்டுமே என்று. "என்னைக்காவது ஒருத்தர் இந்தப் பரிசோதனையத் திரும்பச் செய்ய வருவாங்க மணியம். அப்போ கண்ட்ரோல் இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது," என்றார். ஒவ்வொரு தலைமுறைக் குஞ்சையும் பிரித்து, பலவீனமானதை நீக்கி, தண்ணீரை மாற்றி, அந்த வம்சத்தைக் காப்பாற்றினார். யாராவது வருவார்கள் என்று கடைசிவரை நம்பினார். யாரும் வரவில்லை. அந்த அலுவலகத்துக்குப் புதிதாக எத்தனையோ பட்டதாரிகள் வந்தார்கள், எத்தனையோ இயந்திரங்கள் வந்தன, பிரிக்பீல்ட்ஸுக்கு ஒரு பஸ் பிடித்து வர ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி அந்த இரங்கல் கூட்டம். தலைவர் மனநிம்மதியைப் பற்றிப் பேசி முடித்ததும் கைதட்டல்போல ஏதோ ஒன்று தொடங்கியது. நான் எழுந்துவிட்டேன். நீங்கள் சொன்னது பாதி, மீதியை வெட்டியதும் நீங்கள்தான் என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. தலைவர் அதே பழைய புன்னகையோடு, "இது அதுக்கான எடம் இல்ல லா மணியம்," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். அப்போதுதான் தேவன் எழுந்தார். வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாத தேவன், அன்றும் உயர்த்தவில்லை.

"வேற எந்த இடம் சேர்?" என்று கேட்டார். "என்ர தங்கச்சிக்கு நீங்கள் வேற இடம் குடுத்தனீங்களோ? இருக்கிறது இந்த இடம்தான். முழுசாச் சொல்லிப்போட்டு இருங்கோ."

பின்வரிசையில் காப்பாரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த காளியம்மா எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள் எழுந்து நின்றார்கள். தலைவர் முழுதாகவும் சொல்லவில்லை, உட்காரவும் இல்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு ஒரு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிப் பக்கத்துக் கதவால் வெளியேறினார். அந்த வாக்கியத்தை முழுதாகச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. படத்தின் பக்கம் திரும்பி நின்று சொன்னேன். பாதியில் ஒரு முறை நின்றுபோனேன், திரும்ப முதலிலிருந்து தொடங்கிச் சொல்லி முடித்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் மீன்களை எடுத்து வந்தேன். தேவனும் நானும் வலைபோட்டுப் பிடிக்கச் சிரமப்பட்டோம். அவை ஓடின, துள்ளின, தண்ணீரை எங்கள் முகத்தில் அடித்தன. ஓடையில் அவர் உள்ளங்கையில் சும்மா கிடந்த அந்தத் திலாப்பியா நினைவுக்கு வந்தது, நான் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தேவன் என்னை அழவிட்டுவிட்டு மீதி மீனைப் பிடித்தார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி அள்ளிக் குளித்துப் பார்த்தாராம். "பிடிக்கேல்ல, மணியம்," என்றார். மறுபடியும் வாளிக்கே போய்விட்டாராம்.

அவருடைய கண்ணாடிக் குழவியைத் தேவன் எனக்குக் கொடுத்தார், அது என் மேசையில் இருக்கிறது. அவருடைய வாக்கியம் முழுதாக என்னிடம் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மீன்கள் கிள்ளானில் எங்கள் குளியலறைத் தொட்டியில் இருக்கின்றன. என் மனைவி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இரண்டு வாளி வாங்கி வந்தாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.

அந்தக் கட்டடத்தில் இன்று நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஓடை அங்கேயே ஓடுகிறது, மருந்தும் அங்கேயே அடிக்கப்படுகிறது, காளியம்மாவின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லப்படவில்லை. ஆள் இல்லை என்று சொல்லுங்கள், நேரம் இல்லை என்று சொல்லுங்கள். கண்ட்ரோல் மீன் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். போன வாரம் குஞ்சு பொரித்திருக்கிறது.